கித்தார்ப் பெருக்கியில் சில்லு எரிவது ஏன்?

கருவியொன்று பழுதுற்றால், எரிந்து கிடக்கும் உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் பொருத்துவதே பழுது பார்த்தல் எனப் பலர் எண்ணுகின்றனர். மின்கித்தாருக்குரிய பெட்டியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெருங்கேடு விளைப்பது. காரணம் அறியாமல் சில்லை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும். அதனோடு, அதனினும் விலை மிகுந்த ஸ்பீக்கரும் கருகக்கூடும்.

முதற்கண் பெயர்களை வரையறுத்துக்கொள்வோம். நம்மவர் பேச்சில் ‘ஒலிபெருக்கி’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களைச் சுட்டி வருகிறது: மின்குறியைப் பெருக்கும் சுற்று ஒன்று, அதனை ஒலியாக மாற்றும் கூம்பு மற்றொன்று. இந்தக் குழப்பத்தால் “ஒலிபெருக்கி போய்விட்டது” என்று ஒருவர் சொன்னால், போனது எது எனத் திரும்பக் கேட்க வேண்டியுள்ளது. ஆகவே முன்னதைப் ‘பெருக்கி’ என்றும், பின்னதை எல்லாரும் வழங்குமாறே ‘ஸ்பீக்கர்’ என்றும் இங்குக் குறிப்போம். பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கிக் கறுப்பு உறையிட்ட உறுப்பே ‘சில்லு’.

கித்தாரின் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கு என்ற அளவினது. பெருக்கியின் முற்பகுதி அதனை உயர்த்தி, தொனியையும் திருத்தித் தருகிறது. ஆயினும் ஸ்பீக்கரின் கூம்பை உந்தித் தள்ள ஆம்பியர்க் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். அதைத் தருவது இறுதியில் அமைந்த திறன் சில்லு. டி.டி.ஏ. 7294, எல்.எம். 3886 ஆகியன இவ்வகையில் பெயர் பெற்றவை. முன்னதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இதற்குப் பதினைந்து கால்கள் உண்டு. கூட்டல் 35 வோல்ட் ஒரு பக்கம், கழித்தல் 35 வோல்ட் மறுபக்கம், நடுவே சுழி. ஒலி இல்லாத வேளையில் வெளிவாயிலான 14ஆம் கால் சுழியிலேயே நிற்க வேண்டும். சில்லு எரியும்போது பெரும்பாலும் நிகழ்வது யாதெனின், உள்ளிருக்கும் இரு பெரிய டிரான்சிஸ்டர்களுள் ஒன்று உருகி ஒட்டிக்கொள்கிறது. உடனே 14ஆம் கால் ஏதேனும் ஒரு 35 வோல்ட்டோடு இணைந்துவிடும். எட்டு ஓம் எனக் குறித்த ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் நேர்மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை ஏறத்தாழ 6 ஓம். 35ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள்: 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வெப்பமாகக் கணக்கிட்டால் 200 வாட். இதில் ஒலியாவது எதுவுமில்லை. அத்தனையும் சுருளைச் சுடும் நெருப்பே. பெருக்கியை முடுக்கியதும் ‘டம்’ என்று கூம்பு வெளியே பாய்ந்து அங்கேயே நின்றாலும், உரத்த உறுமல் கேட்டாலும், உடனே அணைத்து ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்போம் என்னும் ஆவல்தான் ஸ்பீக்கரைக் கொல்வது.

இனிக் காரணத்துக்கு வருவோம். ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த வரிசையை நம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். நோய் எது என்பதை அடுத்து அவர் வைப்பது அந்நோய் எதனால் வந்தது என்பது. தணிக்கும் வழி அதற்குப் பின்னரே. பழுது பார்ப்போர் பலர் இந்த இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர்.

எங்கள் செம்பனைத் தோட்டத்து இளைஞர் சிலர் பணம் திரட்டி ஒரு கித்தார்ப் பெருக்கி வாங்கினர். திருவிழாவிலும் திருமணத்திலும் வாசிப்பார்கள். சில்லு எரிந்தது. பட்டணத்துக் கடையொன்றில் மாற்றித் தந்தார்கள். கடையில் நன்றாகப் பாடிய பெட்டி அடுத்த திருவிழாவில் ஒரு மணி நேரத்துக்குள் ஊமையாயிற்று. மறுபடியும் மாற்றினார்கள், மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை, என்னிடம் முன்பு படித்த ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“திருவிழாவிலே இதை எப்படி மாட்டுவீங்க, தம்பி?” என்று கேட்டேன்.

“திடல் பெரிசு சார். பின்னால இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்து மாட்டுவோம்.”

காரணம் பெட்டிக்குள் இல்லை, வெளியே இருந்தது. எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவிணைப்பில் மாட்டினால் சுமை 4 ஓம் ஆகிறது; மின்னோட்டம் இரு மடங்காகிறது. இச்சில்லைத் தயாரித்தோரின் விளக்க ஏடு 8 ஓம் சுமைக்கு 35 வோல்ட்டையும், 4 ஓம் சுமைக்கு 27 வோல்ட்டையும் குறிக்கிறது. 35 வோல்ட்டில் 8 ஓம் சுமைக்குச் சில்லினுள் எழக்கூடிய உச்ச வெப்பம் கணக்குப்படி 31 வாட். 4 ஓம் ஆயின் 62 வாட். இந்த உச்சம் ஒலியை முழுதும் திறந்து வைக்கும்போது வருவதன்று. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் உச்சத்தில் 64 விழுக்காடு இருக்கும்போது, அதாவது ஒலித்திறன் 40 விழுக்காடு அளவில் நிற்கும்போதே வருகிறது. “பாதிதானே வைத்திருந்தோம்” என்று இளைஞர் சொல்வது பொய்யன்று; அந்தப் பாதியிலேதான் சில்லு மிகுதியாகச் சுடுகிறது. கடைக்காரரோ ஒற்றை ஸ்பீக்கரோடு சோதித்தார். அவர் கண்ட வரையில் பெட்டிக்குக் குறையில்லை. அவர் கேட்காதது அந்த ஒரு கேள்வியே.

சில்லுக்குத் தற்காப்பு இல்லையோ எனின், உண்டு. உட்சூடு 145 பாகை செல்சியசை எட்டினால் வாய் மூடும், 150இல் அணைந்துவிடும். எனினும் அடிக்கடி அவ்வெல்லையில் மோதி மீளும் பொருள் நெடுநாள் வாழாது. வெப்பத் தகட்டுக்கும் சில்லுக்கும் இடையே பூசிய களிம்பு உலர்ந்திருந்தாலும், திருகாணி தளர்ந்திருந்தாலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றை அடைத்தாலும் இதே முடிவுதான். ஸ்பீக்கர்க் கம்பியின் முனையில் பிசிறிய இழையொன்று மறுமுனையைத் தொடுவதும் உண்டு. எல்.எம். 3886இன் சுற்றில் வெளிவாயிலை அடுத்துச் சிறு மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக நிற்கும். அவற்றின் ஈயப்பற்று விட்டுப்போனால், செவிக்கெட்டாத வேகத்தில் சுற்று தானே அதிர்ந்து, பாட்டே இல்லாமல் சில்லு கொதிக்கலாம்.

பெட்டியைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். 220 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றால் அவற்றை வெறுமையாக்கி, மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்துகொள்ளல் வேண்டும். மாணவர் அருகிருந்து பார்க்கட்டும். வீட்டு மின்சாரம் நுழையும் பக்கத்தில் அவர்கள் கை படலாகாது.

பின்னர் 14ஆம் காலுக்கும் 13ஆம் காலுக்கும் இடையிலும், 14க்கும் 15க்கும் இடையிலும் தடையை அளக்க. எங்கேனும் சுழியை ஒட்டி வந்தால் சில்லு இறந்தது. வராவிடில் அவசரப்பட வேண்டா. 9ஆம் காலும் 10ஆம் காலும் சில்லை உறக்கத்தில் வைக்கும் வாயில்கள். அவற்றுக்கு உரிய மின்னழுத்தம் வராவிட்டால் நல்ல சில்லும் பேசாது. உயிரோடிருந்த சில்லுகள் எத்தனையோ இவ்வாறு குப்பைக்குப் போயிருக்கும்!

இறந்த சில்லைக் கழற்றியபின், அந்த இடம் வெறுமையாக இருக்கும்போதே பெட்டிக்கு மின்சாரம் தந்து இரு பக்கத்து 35 வோல்ட்டும் சமமாக உள்ளனவா எனப் பார்த்தல் நலம். ஒலியின் மடங்கை நிர்ணயிக்கும் 22 கிலோ ஓம், 680 ஓம் மின்தடைகளையும் அளந்துவிடலாம். புதிய சில்லை நம்பிக்கையான கடையில் வாங்குக. போலிகள் மலிந்த சரக்கு இது. டி.டி.ஏ. 7294இன் உலோக முதுகு கழித்தல் 35 வோல்ட்டோடு இணைந்தது. ஆகவே அதற்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே மைக்காத் தகடும், திருகாணிக்கு மின்கடத்தா வளையமும் வேண்டும். பொருத்தியதும் முதுகுக்கும் தகட்டுக்கும் இடையில் தொடர்பே இல்லை என மல்டிமீட்டர் காட்ட வேண்டும்.

சில பெட்டிகளில் இரு சில்லுகள் எதிரெதிராக நின்று ஒரு ஸ்பீக்கரை இயக்கும். அவற்றில் ஸ்பீக்கரின் இரு முனைகளும் உயிருள்ளவை. எதுவும் பெட்டியின் உலோகத்தைத் தொடலாகாது. ஒன்று எரிந்திருப்பினும் இரண்டையும் மாற்றுவதே என் வழக்கம்.

முதன்முதலில் முடுக்கும்போது ஸ்பீக்கர் வேண்டா. மின்சாரத்தை 100 வாட் குண்டு விளக்கொன்றின் வழியே தொடராகச் செலுத்துக. விளக்கு ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நலம். சுடர்விட்டு எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்குத் தொடர்பு உண்டு, அணைத்துவிடுக. மங்கியதாயின் 14ஆம் காலில் நேர்மின்னழுத்தத்தை அளக்க. சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட்டுக் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை அண்டவே விடலாகாது. அதன் பிறகு விளக்கை நீக்கி, பழைய ஸ்பீக்கர் ஒன்றில் தாழ்ந்த ஒலியில் அரைமணி நேரம் வாசித்துப் பார்க்கலாம். இச்சோதனைக்கு எல்.இ.டி. விளக்கு பயன்படாது, உள்ளே இழை சிவந்து எரியும் விளக்கே வேண்டும். குண்டு விளக்கு கடைகளில் அரிதாகிவிட்டதால், இழையுள்ள ஹாலஜன் விளக்கைத் தேடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.