தள்ளினால் மட்டும் போதாது

பியூவல் இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிளில் பேட்டரி இறங்கிவிட்டால் ஆள் பலம் உதவுமா? பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் பொறுத்தது.

லே நகரத்து விடுதி வாசல்களில் காலை வேளையில் இது பழகிப்போன காட்சி. இரவெல்லாம் குளிரில் நின்ற மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஒருவர் ஏறி உட்கார, நண்பர்கள் இருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். வடக்கே இதற்குப் பெயர் 'தக்கா ஸ்டார்ட்'. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வைத்தியம்தான். ஆனால் இப்போது சில வண்டிகள் இருபது அடியில் உயிர் பெறுகின்றன. சில வண்டிகளோ தள்ளுபவரின் மூச்சு வாங்கும்வரை மௌனம் சாதிக்கின்றன.

காரணம், பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் விதம் மாறிவிட்டது. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே டாங்கிலிருந்து இறங்கும். பிஸ்டனின் உறிஞ்சலில் உள்ளே போகும். சிறிய வண்டிகள் பலவற்றில் பிளக்குக்கான பொறியை இன்ஜினோடு சுழலும் மாக்னெட்டே தந்துவிடும். பேட்டரி செத்துப்போன வண்டியை மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு.

பியூவல் இன்ஜெக்ஷனில் அந்தச் சலுகை இல்லை. டாங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்ப வேண்டும். இன்ஜெக்டர் திறக்க மின்சாரம் வேண்டும். எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்று கணக்குப் போடும் ஈசியு என்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். தள்ளுவது ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேலையை மட்டுமே செய்கிறது. பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் அது மாற்று அல்ல.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் பெருந்தீனிக்காரன். பல பத்து ஆம்பியர்களை ஒரே மூச்சில் விழுங்கும். பம்பும் ஈசியுவும் சில ஆம்பியர்களோடு திருப்தி அடைந்துவிடும். எனவே பேட்டரி பலவீனமாக இருந்தால் தள்ளுவது பலிக்கும். முழுக்கச் செத்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் பலிக்காது.

வித்தியாசம் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, காது போதும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் விளக்கு எரிந்து, டாங்குப் பக்கம் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்று முனகல் கேட்டால் பம்ப் வேலை செய்கிறது. தள்ளலாம். இரண்டும் இல்லையென்றால் தள்ளுவது வீண் வேலை.

தள்ளுவதற்கும் முறை உண்டு. சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, சிவப்பு சுவிட்ச் 'ரன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். முனகல் நிற்கும்வரை காத்திருங்கள். இரண்டாவது கியர் போட்டு கிளட்சைப் பிடியுங்கள். முதல் கியரில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். ஆள் ஓடும் வேகம் வந்ததும், சீட்டில் எடையை அழுத்தி கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் பிடித்தவுடன் மறுபடி கிளட்சைப் பிடித்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். பிறகு அரைமணி நேரமாவது வண்டியை அணைக்கக் கூடாது. இரண்டு மூன்று முயற்சிகளில் கிளம்பாவிட்டால் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பாழாக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இந்த வித்தை அடியோடு செல்லாது. சக்கரம் சுழன்றாலும் இன்ஜின் சுழலாது.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை மெதுவாக வந்தது. ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது 2006-ல். ஆனால் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கிய பிஎஸ்-6 விதிகள் 2020 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த பிறகுதான் புது மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே பியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. அதே காலத்தில் இன்னொன்று காணாமல் போனது: கிக்கர். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகள் அதை விடவில்லை. ஆனால் உதைத்துக் கிளப்புவதையே அடையாளமாகக் கொண்டிருந்த ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, 2021-ல் புது உருவில் வந்தபோது கிக்கர் இல்லாமலே வந்தது. போதாக்குறைக்கு, 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சும் இல்லை. இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும்.

நகரத்தில் இதெல்லாம் சில நூறு ரூபாய்த் தொல்லை. மலையில் அப்படியல்ல. குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். இன்ஜின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டரின் சுமை கூடும். சுமார் 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கர்துங் லாவில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே 200 கிலோ வண்டியைத் தள்ளி ஓடுவது உடம்போடு விளையாடுவது. தள்ளுவதானால் ஆளின் பலத்தை நம்பாமல் இறக்கத்தை நம்ப வேண்டும். அதுவும் பிரேக் மீது கவனத்தோடு.

செத்த பேட்டரிக்கு உதவுவது இன்னொரு பேட்டரிதான். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பிளஸ்ஸோடு பிளஸ்ஸை முதலில் இணைத்து, கருப்பு வயரின் கடைசி முனையை பேட்டரியில் மாட்டாமல் வண்டியின் உலோகப் பாகத்தில் மாட்டுவது பாதுகாப்பு. கார் உதவிக்கு வந்தால் அதன் இன்ஜின் அணைந்திருக்கட்டும். பையில் அடங்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர்களும் கிடைக்கின்றன.

மணாலியிலிருந்து லே போகிறவர்கள் தாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்ற பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, கேன்களையும் நிரப்பிக்கொள்வது வெகுகால வழக்கம். மூன்று நான்கு வருடமான பேட்டரியைப் பற்றி அதே அக்கறையோடு யோசிப்பவர்கள் குறைவு. பயணத்துக்கு முன் ஒரு வோல்ட் மீட்டர் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதியாகப் போகலாம். 12-க்குக் கீழே இருந்தால் பயணத்தை அல்ல, பேட்டரியை மாற்றுங்கள்.