மழையில் கலந்த மை

தாம் விரும்பிய திரைப்படத்தை முன்மாதிரியாகக் கொண்டு குறும்படத்தின் தொடக்கக்காட்சியைத் திட்டமிடும் மாணவர், பெரும்பாலும் அதன் தோற்றத்தையே எடுத்தாளுகின்றனர். அங்கே மழை பெய்தால் இங்கும் மழை. அத்தோற்றத்தைப் பிறப்பித்த காரணத்தை ஆராய்வோர் சிலரே. ஆராய்ந்து பயன்கொண்டவருள் முதன்மையானவர் தமிழ்த் திரைப்பட இயக்குநர் எஸ். பாலச்சந்தர்.

சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரசோமோன்’ 1950-இல் வெளிவந்தது. இடிந்த வாயிலொன்றின்மேல் கொட்டும் மழையோடு அது தொடங்கும். வெளிறிய பின்புலத்தில் நீர்த்தாரை கண்ணுக்குப் புலப்படாது. இரண்டுக்கும் இடையிலான ஒளிவேறுபாடு போதாது. ஆகவே படக்குழுவினர் நீரில் கரிய மையைக் கலந்து பொழியச் செய்தனர். நாம் வியந்து நோக்கும் அம்மழை ஓர் ஒளியியற் சிக்கலுக்குக் கண்ட தீர்வே.

அப்படத்தால் ஈர்க்கப்பட்டுப் பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் வந்தது. அதில் அந்த வாயில் இல்லை. மையிட்ட மழையும் இல்லை. ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு உரைக்கும் கட்டமைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, 1943-இல் சப்பானியர் குண்டு வீசிய சென்னையில் கதையை நிறுத்தினார். துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே வீழ்கிறது. படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை. அக்காலத்தில் அது பெருந்துணிவு, இன்றும் துணிவுதான்.

அவ்வெடியொலி ஏன் நம்மைப் பிடித்திழுக்கிறது? எதிர்பாராத பேரொலி செவியை எட்டியதும் நொடியின் இருபதில் ஒரு பங்கு அளவிலேயே இமை தானாகத் துடிக்கும். கண்ணோ அத்துணை விரைவுடையதன்று. விழித்திரையின் நடுக்குழியில் ஏறத்தாழ 2 பாகை அளவே கூர்மையாகத் தெரியும். எஞ்சியதை அறிய விழி நொடிக்கு மூன்று நான்கு முறை தாவ வேண்டும். வெட்டுக்குப் பின் புதிய சட்டகத்தில் கண் தன் இலக்கைத் தேடும் அச்சிறு இடைவெளியில், செவியே பார்வையாளரை ஆள்கிறது. எனவே விரும்பிய படத்தின் தொடக்கத்தை ஒருமுறை ஒலியின்றியும், மறுமுறை கண்மூடியும் ஆராய்வது நன்று.

இனி, இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் படமெடுக்கும் மாணவரின் நிலையை நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வூர்களுக்கு மேற்கே நிற்கிறது. காலையில் கதிரொளி மலைமுகத்தில் நேரே விழுவதால் பாறையும் மரமும் தெளிவாய்த் துலங்கும். நிழல் குறைந்து மலை தட்டையாகவும் தோன்றும். மாலையிலோ மலை கரிய நிழலுருவாகிறது. கதிரவன் அடிவானத்தை எட்டுமுன்பே முகட்டுக்குப் பின் மறைந்துவிடுவான். வானம் மட்டும் ஒளிர்ந்திருக்கும். நிழலற்ற அம்மெல்லொளியைப் பெறப் பெருநகரப் படப்பிடிப்புத் தளங்களில் துணி கட்டி விளக்கேற்றுவர். இங்கே அது செலவின்றிக் கிடைக்கிறது.

திருவில்லிபுத்தூர்க் கோபுரமோ சட்டகத்தில் எளிதில் அடங்காது. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. கைப்பேசியின் முதன்மை வில்லையை அகலவாக்கில், சாய்க்காமல் பிடித்து உச்சிவரை அடக்க, ஏறத்தாழ 150 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அவ்வளவு தொலைவில் வீடுகளும் கம்பிகளும் குறுக்கிடலாம். நெருங்கி நின்று கருவியை அண்ணாத்தினால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் குவிந்து, கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோல் தெரியும். பார்ப்பவரைச் சிறியவராக்க விரும்பும் இயக்குநருக்கு அச்சாய்வே துணை. ஊரை அறிமுகப்படுத்த விழைபவருக்கு அது இடையூறு.

இராசபாளையத்து வெள்ளை நாயைத் தொடக்கத்தில் ஓடவிட எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தானியங்கு ஒளியளவி காண்பதையெல்லாம் நடுச்சாம்பல் நிறமாகக் கருதும். நாய் சட்டகத்தை நிறைத்தால் அதன் வெண்மை மங்கிச் சாம்பலாகும். கருமலையின் முன் சிறிதாக ஓடினால் உடலின் நுணுக்கமெல்லாம் வெளிறி, வெறும் வெண்திட்டாகிவிடும். ஆகவே ஒளியளவைக் கையால் நிலைநிறுத்தி, வெண்மயிரின் இழைகள் தெரிகின்றனவா என்று திரையைப் பெரிதாக்கிச் சரிபார்த்தபின் நாயை அவிழ்த்துவிடுக.