நாய்க்கும் உண்டு பரீட்சை!

'எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க' என்று சொல்லாத நாய்க்காரர் உண்டா? சென்னைப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயசுச் சிறுமியைக் கடித்துக் குதறின பிறகு, எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது.

ஜெர்மனியில் கீழ் சாக்சனி மாநிலத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். அங்கே ஒரு நாய் ஆபத்தானது என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டால், அதை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கணுமாம். அதற்கு நாய் பரீட்சையில் தேறணும்!

சொந்தக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருத்தர் நொண்டி நொண்டி வருவார். இன்னொருத்தர் குடிகாரர் மாதிரி தள்ளாடுவார். கிட்டே வந்து சடாரென்று குடையை விரிப்பார்கள், கத்துவார்கள், கண்ணையே முறைத்துப் பார்ப்பார்கள், ஓடுவார்கள். வேறு நாய்களையும் எதிரே கொண்டு வருவார்கள். இதில் உறுமினாலே ஃபெயில் என்று நினைத்தேன். இல்லையாம்! உறுமுவது 'கிட்ட வராதே' என்கிற எச்சரிக்கை. எச்சரிக்காமலே பாய்ந்து கடிக்கிற நாய்தான் பயங்கரம். நம்ம பக்கம் உறுமினால் தலையில் தட்டி அடக்குகிறோமே, அது சரிதானா?

2000இல் ஹாம்பர்க்கில் இரண்டு நாய்கள் ஒரு பள்ளிச் சிறுவனைக் கொன்றதும், கீழ் சாக்சனியிலும் அவசரமாக நாய் ஜாதிப் பட்டியல் போட்டார்கள். ஹனோவர் கால்நடைக் கல்லூரியார் பட்டியலில் இருந்த 415 நாய்களைச் சோதித்ததில் 95 சதவீதம் ஒழுங்காகவே நடந்துகொண்டனவாம். சாது என்று பெயரெடுத்த கோல்டன் ரெட்ரீவர் எழுபதைச் சோதித்தால், அதிலும் ஒன்று தப்பு செய்தது! 2002இல் கோர்ட் அந்தப் பட்டியலைத் தள்ளியது. 2003லிருந்து அங்கே பட்டியலே கிடையாது.

நம் மத்திய அரசும் 2024 மார்ச்சில் 23 ஜாதி நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே டெல்லி ஐகோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

அங்கே நாய் வளர்க்கிறவருக்கும் 2013லிருந்து பரீட்சை இருக்கிறது. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எங்கள் எதிர்வீட்டு அக்கா தன் ராட்வீலருக்கு லைசென்ஸ் வாங்கப் போனப்போ, தடுப்பூசிச் சீட்டை மட்டும்தான் கேட்டாங்களாம். நாயை யாரும் ஏறெடுத்தும் பார்க்கலை. ஸ்கூல் வேன் வருகிற நாலு மணிக்காவது அதைக் கட்டிப் போடுங்கக்கா என்று கேட்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி.