மரத்தை வாசித்தல்

வீணை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வாசிப்பவரைப் பற்றியது. செய்தவருக்கு அங்கே இடம் அரிது. இலக்கியம் படித்த எனக்கும் இந்தக் குருட்டுத்தனம் இருந்தது. சிறு நரம்புக் கருவியொன்றை நானே செய்யப் புகுந்தபோதுதான் அது உடைந்தது. கூடவே என் முதல் பலகையும்.

கோவையில் ஒரு மரக்கடையில் 'நல்லாக் காஞ்ச பலா' என்று கொடுத்ததை வாங்கிவந்தேன். மூன்றே மாதத்தில் மேற்பலகை வெடித்துவிட்டது. மிச்சத் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்த ஆசாரி, 'ஏனுங்க, இது இன்னும் பச்சைங்க' என்றார். எடையிலேயே வாசித்துவிட்டார். எம்.ஏ.வில் எனக்குச் சொல்லித்தராத வாசிப்பு அது.

இத்தனைக்கும் பாடத்தில் இல்லாமலில்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் அவையில் சீவகன் யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான்: நீரில் நின்று இளகிய மரம், வாள்பட்ட மரம், இடி விழுந்த மரம். நாங்கள் அதை நாயகனின் புலமையாக மட்டுமே படித்தோம். அது முதலில் தச்சரின் அறிவு.

அந்த அறிவைச் சுருக்கினால் இப்படி வரும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோணலும் வெடிப்பும் இந்த ஏற்றத்தாழ்வில் பிறக்கின்றன. ஆகவே பலகையின் முனையைப் பாருங்கள். கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் எடுங்கள். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு. ஈரம் முனைகளில்தான் வேகமாக வெளியேறும். அங்கே மெழுகு பூசுங்கள். மாதமொருமுறை எடை போட்டு, குறைவது நின்றபின் உளியை வையுங்கள்.

தஞ்சாவூர் வீணை பலாவில் ஆவது. உடல் முழுதும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, உறுப்புகளைச் சேர்த்தால் ஒட்டு வீணை. தொடங்குகிறவருக்கு ஒட்டு முறையே சரி. தவறினால் ஓர் உறுப்போடு போகும்.

கருவிகளை அள்ளி வாங்க வேண்டாம். ரம்பம், இழைப்புளி, தட்டை உளி ஒன்று, குடைய வாய் வளைந்த உளி ஒன்று, கொட்டாப்புளி, அரம். இவற்றைவிட முக்கியம் சாணைக்கல். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் வேண்டும். அப்போதுதான் கை வழுக்கும், மரமும் பிளக்கும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காப்பு வந்தாயிற்று. கச்சேரி பற்றி எழுதும் நண்பர்கள், அந்த வீணையைச் செய்தது யாரென்றும் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாமே.