மலரும் கொழுக்கட்டையும்

'மலரினும் கொழுக்கட்டை மேல்' என்பது ஜப்பானியப் பழமொழி. மலர் காணச் சென்றோர்க்கும் வயிறே பெரிது என்பது கருத்து. கொழுக்கட்டை போன்ற அவர்தம் மாவுருண்டைக்குத் 'தாங்கோ' என்று பெயர். ஓவியக்கதை ஆசிரியை கமியோ யோகோ, 1992-இல் தொடங்கிய தம் காதற்கதைக்கு அப்பழமொழியையே தலைப்பாக்கினார். ஆயின் 'ஆடவர்' எனப் பொருள்படும் எழுத்துக்களை இட்டு, 'தாங்கோ' என்றே படிக்கச் செய்தார்.

2009-இல் கொரியாவின் கே.பி.எஸ். நிலையம் அக்கதையை 25 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கியது. சலவைக் கடைக்காரரின் மகள் செல்வர் பள்ளியிற் சேர்ந்து, செருக்குடைய இளைஞனை எதிர்த்து நின்று, அவன் உள்ளத்தையே வெல்கிறாள். தலைப்பில் 'மலரினும் ஆடவர்' என்ற பொருள் நின்றது, சிலேடை மறைந்தது.

இத்தகைய இழப்பு மொழிபெயர்ப்பில் இயல்பே. ஆயினும் கொரியத் தொடர்களைத் தமிழாக்குவோர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. கொரிய மொழியில் பணிவுரையும் நெருக்கவுரையும் வினைமுடிவால் வேறுபடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் கணத்தில் காதல் வெளிப்படுவதுண்டு. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' அதனைக் காட்டாது. நம் 'நீங்களும்' 'நீயும்' காட்டும். பெங்களூரு விவேக் நகரில் நாம் நாடோறும் கேட்கும் கன்னடத்தின் 'நீவு', 'நீனு' என்பனவும் காட்டும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. கொரியப் பெண்கள் தமையனையும் காதலனையும் 'ஓப்பா' என்றே அழைப்பர். அதனை 'அண்ணா' எனப் பெயர்த்தால் காதற்காட்சி என்னாவது? அங்கே அவன் பெயரைச் சொல்லி அழைக்கச் செய்வதே தக்கது.