உழைத்த கைகள் எறிந்த எடைகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் என்றால் மைதானமே ஆர்ப்பரிக்கும். குண்டு எறிதல் என்றால் வட்டத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றாலே அதிகம். சென்ற விழாவில் நண்பர் ஒருவர், “இதென்ன விளையாட்டு? மூட்டை தூக்கும் வேலைதானே!” என்று கேலி செய்தார். மூட்டை தூக்கித்தான் என் தந்தையார் என்னைப் படிக்க வைக்கிறார். ஆகவே அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. நூலகத்தில் தேடிப் படித்தேன். நண்பர் கேலியாகச் சொன்னது வரலாற்று உண்மை என்று தெரிந்தது!

தோற்றம்

எடை எறிதல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமங்களில் வளர்ந்த விளையாட்டு. சம்மட்டி கொல்லன் பட்டறையிலிருந்து வந்தது. 56 பவுண்டு எடைக்கல் வணிகரின் தராசுத் தட்டிலிருந்து வந்தது. பகலெல்லாம் எவற்றைத் தூக்கி உழைத்தார்களோ, அவற்றையே ஓய்வு நேரத்தில் எறிந்து மகிழ்ந்தார்கள் அம்மக்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தபோது விளையாட்டையும் உடன் கொண்டு சென்றார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1853-இலேயே ஸ்காட்லாந்துக்காரர்கள் சங்கம் அமைத்துவிட்டனர்.

‘அமெச்சூர்’ என்னும் வேலி

பணத்திற்காக அன்றி விருப்பத்திற்காக விளையாடுபவரே ‘அமெச்சூர்’ வீரர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் இங்கிலாந்தில் நடந்தது என்ன? 1866-இல் இலண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளச் சங்கம் கனவான்களின் சங்கமாக இருந்தது. கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று அந்த 1860-களிலேயே விதி வகுக்கப்பட்டது. பரிசுப் பணமாக ஒரு காசுகூட வாங்காதவனாயினும், உடலுழைப்பால் வாழ்பவன் என்றால் அவனுக்கு வாயில் அடைக்கப்பட்டது. உழைத்து உரமேறிய உடலோடு போட்டியிடுவது நியாயமன்று என்பது அவர்கள் சொன்ன காரணம்! எந்த உழைப்பிலிருந்து விளையாட்டுப் பிறந்ததோ, அந்த உழைப்பையே குற்றமாக்கிவிட்டார்கள்.

இவ்வேலி நெடுநாள் நிற்கவில்லை. 1880-இல் ஆக்ஸ்போர்டில் அமைக்கப்பட்ட புதிய அமெச்சூர் தடகளக் கழகம் அவ்விதியைக் கைவிட்டது. 1884-இல் அயர்லாந்தின் தர்லஸ் ஊரில் மைக்கேல் கியூசக் முதலானோர் கேலிக் தடகளக் கழகத்தைத் தொடங்கினர். விளையாட்டு மைதானம் எளிய மக்களுக்கும் உரியது என்பது அவர்கள் கொள்கை. அதன் முதல் தலைவர் மாரிஸ் டேவின் புகழ்பெற்ற எடை எறியும் வீரர்.

கதவு திறந்த பின்

கதவு திறந்ததும் வட்டத்திற்குள் வந்தவர்கள் யார்? அயர்லாந்துக் கிராமங்களில் பிறந்து நியூயார்க்கில் குடியேறி, காவலர்களாகப் பணியாற்றியவர்களே முன்னணியில் நின்றனர். ஜான் ஃபிளானகன் 1900, 1904, 1908 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் சம்மட்டி எறிதலில் தங்கம் வென்றார். 1912-இல் மேட் மெக்ராத் அதே பதக்கத்தை வென்றார். அவர்களின் பேருடல் கண்டு மக்கள் ‘ஐரிஷ் திமிங்கலங்கள்’ என்று அழைத்தார்கள்.

56 பவுண்டு எறிதல் ஒலிம்பிக்கில் இருமுறை மட்டுமே இடம்பெற்றது. 1904-இல் வென்றவர் கனடாவின் மாண்ட்ரியல் காவலர் எத்தியேன் தெமார்த்தோ. போட்டிக்குச் செல்ல விடுப்புக் கிடைக்காமல், வேலையையே இழந்து சென்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1920-இல் வென்றவர் நியூயார்க்கின் போக்குவரத்துக் காவலர் பாட் மெக்டொனால்ட். அப்போது அவருக்கு வயது 42! எறிந்த தூரம் ஏறத்தாழ 11.26 மீட்டர்.

வலிமை மட்டும் போதுமா?

போதாது என்கிறது இயற்பியல். எறியும் கோணம் மாறாதிருக்க, பொருள் செல்லும் தூரம் பெரும்பாலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 விழுக்காடு கூடினால் தூரம் ஏறக்குறைய 21 விழுக்காடு கூடும். அதனால்தான் வீரர் 2.135 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்திற்குள் சுழன்று சுழன்று வேகம் சேர்க்கிறார். காலடி பிசகினால் மலை போன்ற தோளும் பயன்படாது.

இன்றைய நிலை

ஒலிம்பிக்கிலிருந்து நீங்கினாலும் எடை எறிதல் மறையவில்லை. சம்மட்டி 80 மீட்டருக்கு மேலும் பறக்கும். கூரையிட்ட அரங்கில் அதற்கு இடமேது? ஆகவே அமெரிக்கக் கல்லூரிகளின் குளிர்கால உள்ளரங்கப் போட்டிகளில் 35 பவுண்டு (15.88 கிலோ) எடையைக் குட்டையான பிடியுடன் எறிகிறார்கள். பெண்களுக்கு 20 பவுண்டு.

மூத்தோர் தடகளமும் இதற்குப் புத்துயிர் தந்துள்ளது. சம்மட்டி, குண்டு, தட்டு, ஈட்டி, எடை ஆகிய ஐந்தையும் ஒருவரே எறியும் ‘எறிதல் ஐம்போட்டி’ அங்கு உண்டு. வயது ஏற ஏற எடை குறைக்கப்படுகிறது. 50 வயது ஆடவருக்கு 25 பவுண்டு. 70 வயதில் 16 பவுண்டு. எண்பது கடந்த தாத்தாவுக்கும் ஓர் எடை காத்திருக்கிறது! திறந்தவெளியும் ஒரு வட்டமும் சில இரும்புக் குண்டுகளும் பத்து ஆர்வலர்களும் இருந்தால் ஒரு சங்கம் உருவாகிவிடும்.

ஆம் நண்பரே, இது மூட்டை தூக்கியவர்களின் விளையாட்டுதான். அதில் இழிவு எதுவுமில்லை. நாம் எறியும் 16 பவுண்டுக் குண்டும் அந்த மரபில் வந்ததே. அடுத்த விளையாட்டு விழாவில் குண்டு எறியும் வட்டத்தருகே வந்து நில்லுங்கள். என் தந்தையாரையும் அழைத்து வர எண்ணியிருக்கிறேன்.