வளர்ப்பதும் கடன், கொடுப்பதும் கடன்

நாய்க்கு எங்கே அடிபட்டாலும் காலைத்தான் நொண்டும் என்பது நம்மவர் பழமொழி. வேடிக்கையாகச் சொல்லப்படும் இம்மொழியின் வேதனையை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எமது வீட்டுப் படலையடியில் ஒரு மார்கழி மழைநாளில் நேரிற் கண்டோம். உட்துறைமுகப் பக்கமிருந்து மேலேறி வரும் வீதியில் ஏதோவொரு வாகனம் மோதிவிட்டுப் போயிருக்க வேண்டும். பின்னங்காலொன்றைத் தூக்கியபடி நொண்டி வந்த ஒரு பெட்டை நாய், மதிலோரத்திற் சுருண்டு படுத்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். காதோரங்களில் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது.

எமது வீடு வாடகை வீடு. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்பவர்கள். பகலில் வயதான அம்மம்மா மாத்திரமே வீட்டிலிருப்பார். ஒரு நாயை அதன் ஆயுட்காலம் முழுவதும் வைத்துப் பேணும் வசதி எமக்கில்லை. ஆனால் அதனைச் சுகப்படுத்தி, நல்லதொரு வீட்டிற் சேர்க்கும்வரை சில மாதங்களுக்கு இடங்கொடுக்க முடியுமல்லவா? இத்தகைய இடைக்கால வளர்ப்பைப் பற்றியே வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

அன்புக்கு முன் அவதானம்

அடிபட்ட நாய் நோவினாற் கடிக்கும். அதற்கு நல்லவர் கெட்டவர் என்ற பேதம் அவ்வேளையில் தெரியாது. ஆகவே தடித்த சாக்கினாற் போர்த்தித் தூக்கினோம். மிருக வைத்தியர் பார்க்கும்வரை பிள்ளைகள் தொடக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

இக்கண்டிப்புக்குக் காரணம் விசர்நாய்க்கடி நோய். பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டிலே தடுப்பூசி கண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். எனினும், நோயின் குறிகள் தோன்றிய பின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் கிடைத்ததில்லை. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோய்க்குப் பலியாயினர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் முயற்சியினால் அண்மைக் காலத்தில் இத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை குறைந்துள்ளது. நோய்க்கிருமி உடலிற் புகுந்து வாரங்கள், மாதங்கள் கழிந்த பின்னரும் நோய் வெளிப்படலாம். ஆதலால், ஊர் பேர் தெரியாத நாய்க்கு ஊசி போட்ட மறுநாளே ஆபத்து நீங்கிவிட்டதென எண்ணலாகாது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மாணவர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.

பசித்த வயிறும் சொறிபிடித்த தோலும்

வைத்தியர் சோதித்துப் பார்த்தார். இடுப்பெலும்பில் வெடிப்பு, சத்திரசிகிச்சை வேண்டியதில்லை, ஆனால் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ விடாமல் ஒரு சிறிய இடத்தில் அடைத்து வைக்கவேண்டும் என்றார். தோலைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ்ப் பார்த்து, சொறிக்கு மருந்து தந்தார்.

சொறியை உண்டாக்கும் நுண்ணிய பூச்சிகளில் இரு வகை உண்டு. ஒரு வகை நாயின் தோலில் இயல்பாகவே சிறு தொகையாக வாழ்வது, உடல் நலிந்தபோது பெருகித் துன்பந்தரும், பிறருக்குத் தொற்றாது. மற்றது தோலைத் துளைத்துச் செல்வது. மனிதருக்கும் அரிப்பை உண்டாக்கும். எமக்கு வந்த நாய்க்கு இருந்தது முதல் வகை. நம்மூரிற் சிலர் வாகனத்தின் கழிவு எண்ணெயைச் சொறிக்குப் பூசுவதுண்டு. இது பெருந்தவறு. நாய் தன் உடலை நக்கும். எண்ணெயிலுள்ள நஞ்சு வயிற்றுக்குட் போகும்.

பட்டினி கிடந்த உயிருக்கு ஒரேயடியாக வயிறு நிறைய உணவிடுவதும் ஆபத்தே. வாடிய உடல் திடீர் உணவைத் தாங்காது. இரத்தத்திலுள்ள உப்புக்களின் சமநிலை குலைந்து உயிருக்கே கேடு வரலாம். எனவே முதல் வாரத்தில், குழைந்த சோற்றுடன் அவித்து முள்ளெடுத்த சூடை மீனைப் பிசைந்து, நாளுக்கு ஐந்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்தோம். மீந்த கறியை ஊற்றலாமே என்று அம்மம்மா கேட்டார். வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள செவ்வணுக்களைச் சிதைப்பது என்பதை அவருக்கு எடுத்துக் கூறினோம். சொக்கலேற்று, முந்திரிகைப்பழம், சமைத்த எலும்பு என்பனவும் ஆகா. மனிதர் உண்ணும் நோமாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் ஒருபோதும் கொடுத்தலாகாது.

அஞ்சிய மனம்

உடற்காயத்தைவிட மனக்காயமே ஆறுவதற்கு நாட்பிடித்தது. விறாந்தையைக் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்தால், அந்நாய் நடுநடுங்கி மூலையில் ஒடுங்கும். எங்கோ, எவரிடமோ, தடியடி வாங்கியிருக்கவேண்டும். நாம் அதனை வலிந்து தடவ முயலவில்லை. மூத்த மகள் நாள்தோறும் மாலையில் அடைப்புக்கு அருகே அமர்ந்து, நாயைப் பாராமலே தன் பாடத்தை உரத்துப் படிப்பாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், அவள் புத்தகத்தின்மேல் ஒரு மூக்கு வந்து தொட்டது. வால் மெல்ல அசைந்தது.

“பேர் வைத்தாற் பிரிய மனம் வராது” என்று நாம் எச்சரித்திருந்தோம். பிள்ளைகள் கேட்கவில்லை. சுட்டி என்று பெயரிட்டுவிட்டார்கள்.

“அப்பா, சுட்டியை அடைத்து வைப்பது பாவம் இல்லையா? கொஞ்சம் ஓடவிடுவோமே!” என்று இளையவன் தினமும் மன்றாடினான். எலும்பு கூடுமுன் ஒரு தாவல் தாவினாலும் பட்ட பாடெல்லாம் வீணாகும். அன்பு என்பது கேட்டதைக் கொடுப்பது மாத்திரமன்று. வேண்டாததை மறுப்பதும் அன்பே என்பதை அவன் அந்த ஆறு வாரத்திற் படித்தான்.

புண்ணைக் கழுவும்போது சுட்டி நோவினால் முனகும். முனகியபடியே எமது கையை நக்கும். தன்மேல் வேலெறிந்த தலைவனைக் கண்டும் வாலாட்டும் நாயைப் போன்றவரின் நட்பையே கொள்ளவேண்டுமென்று நாலடியார் கூறுவதன் பொருள் அப்பொழுதுதான் முழுமையாய் விளங்கிற்று.

ஒருவர் செய்தால் என்ன ஆகும்?

வீதியெங்கும் கட்டாக்காலி நாய்கள் இருக்க, ஒன்றைக் காத்து என்ன பயன் என்று அயலவர் கேட்டனர். சென்னையில் விமானியாயிருந்த கப்டன் சுந்தரம், 1959 இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுசென்றார். இந்தியாவின் புளூ குறொஸ் என்னும் பெரிய நிறுவனம் அவ்விரு குட்டிகளிலிருந்தே தொடங்கிற்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசியிடும் முறையை 1964 இல் அது கைக்கொண்டது. இலங்கையிலும் தெருநாய்களைக் கொல்வது 2006 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

ஆனால் கொல்லாமை மாத்திரம் போதாது. ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாளிற் குட்டி போடும். அக்குட்டிகளிற் பல மழையிலும் வீதியிலும் மடியும். சுட்டியின் உடல் தேறியதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். வடக்கே இயக்கச்சியிற் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்துள்ளது. கொழும்பில் 2007 இல் தொடங்கிய எம்பார்க் அமைப்பும் தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுத்து வந்துள்ளது. எனினும் எந்தச் சரணாலயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பல நாய்கள் கூடுமிடத்தில் நோயும் விரைவிற் பரவும். நலிந்த நாய் ஒன்று தேறுவதற்கு ஒரு வீட்டு விறாந்தையின் மூலை போன்ற இடம் வேறில்லை.

பிரிவு

பங்குனி பிறந்தது. சுட்டியின் மயிர் பளபளத்தது. நொண்டலும் ஏறக்குறைய மறைந்தது. முதலில் ஒருவர் வந்தார். கடைக்குக் காவலாக இரவும் பகலும் சங்கிலியிற் கட்டிவைக்க ஒரு நாய் வேண்டுமென்றார். பணிவாக மறுத்துவிட்டோம். அடுத்து உப்புவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தனர். வளவுக்கு மதில் உண்டா, ஆண்டுதோறும் ஊசி போடுவீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்றெல்லாம் கேட்டோம். அவர்கள் கோபிக்கவில்லை. “பெண் கொடுப்பவர் கேட்பதுபோற் கேட்கிறீர்கள், தம்பி. கேட்கத்தான் வேண்டும்” என்றார் ஆசிரியர்.

அன்றிரவு வீட்டிற் பெரும் வழக்கு நடந்தது. “எங்களை நம்பித்தானே இருக்கிறது, அப்பா? கொடுத்தால் நாங்களும் கைவிட்டதாகத்தானே நினைக்கும்?” என்றாள் மகள். எமக்கு விடை தெரியவில்லை. அம்மம்மாதான் பேசினார். 1990 ஆம் ஆண்டு உயிருக்கஞ்சி ஊரைவிட்டு ஓடியபோது, தம் நாயைப் படலையிலே விட்டுச் சென்றதையும், திரும்பி வந்தபோது அது அங்கில்லை என்பதையும் சொன்னார். “கைவிடுவது வேறு, பிள்ளை. கையிற் கொடுப்பது வேறு. அன்றைக்கு அதை வாங்க ஒரு கை இருந்திருந்தால், நான் இவ்வளவு காலம் அழுதிருக்க மாட்டேன்” என்றார். அதன்பின் எவரும் பேசவில்லை.

மறுநாட் காலை, சுட்டி படுத்த சாக்கையும் அதன் கோப்பையையும் கூடவே கொடுத்தனுப்பினோம். பழகிய மணம் புதிய இடத்தில் ஆறுதல் தரும். முதலிரண்டு நாட்கள் சுட்டி சரியாக உண்ணாமல் படலையையே பார்த்திருந்ததென்று தொலைபேசியில் அறிந்தபோது வீடே கலங்கிற்று. ஆயினும் நாம் போய்ப் பார்க்கவில்லை. போனால் அதன் மனம் மீண்டும் எம் பக்கமே திரும்பும். ஒரு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. ஆசிரியரின் சாய்மனைக் கதிரையின்கீழ், அவர் பாதத்தில் தலையை வைத்துச் சுட்டி உறங்கிக்கொண்டிருந்தது. மகள் அதனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “அடைப்பைக் கழுவி வைப்போமா, அப்பா? அடுத்த மாரிக்கு இன்னொன்று வரும்” என்றாள்.

வாசகர்களே, ஆயுள் முழுவதும் வளர்க்க வசதியில்லையே என்று வருந்துவோர் நம்மிடையே பலர். அவர்களிடம் நாம் கேட்பது மூன்று மாதமும் ஒரு மூலையுந்தான். பிரியும்போது மனம் நோகும். அந்நோவு எமக்குச் சில நாளுக்கே. அதனாற் கிடைக்கும் வீடு அவ்வுயிருக்கு ஆயுளுக்கும்.